புனித வீரர் தவறும்போது

(ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாத்திரமேற்று நடித்தலை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். நாம் எல்லோரும் செய்கிற ஒன்றுதான். ஒன்றாம் வகுப்பில் சந்தையில் காய் வாங்குவதாக நடிக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் மாதிரி நாடாளுமன்றம் நடக்கிறது. வசனத்தை நாம் எழுதித் தருகிறோம், பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், கைதட்டுகிறோம். நான் இன்று பேசப்போவது வசனமே இல்லாத ஒரு பாத்திரமேற்பைப் பற்றி. அதிலும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நல்லவராகவே வாழ்வேன் என்று சபதம் செய்த ஒரு பாத்திரம் தவறிவிட்டால், ஆட்டத்தை நடத்துகிறவர் என்ன செய்ய வேண்டும்? அந்தக் கேள்வியில் நான் தவறிய கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆட்டத்தின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி, 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். "மலையடிவாரத்தில் ஒரு குகை. உள்ளே புகை வருகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துநர் கேட்பார். ஒருவர் உள்ளே போகிறேன் என்பார், இன்னொருவர் காத்திருப்போம் என்பார். நடக்குமா நடக்காதா என்று ஐயமுள்ள காரியம் என்றால் இருபது பக்கங்கள் கொண்ட பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். வென்றவர் தோற்றவர் என்று யாரும் கிடையாது. கதை அடுத்த வாரமும் தொடரும்.

பாத்திரங்களில் பல வகை உண்டு. மந்திரவாதி, கள்வன், போர்வீரன், மதகுரு. 1975-இல் வந்த துணைநூலில் ஒரு புதிய வகையைச் சேர்த்தார்கள். அதன் பெயர் பாலடின். ஐரோப்பியக் கதைகளில் சார்லமேன் அரசனின் பன்னிரண்டு வீரர்களுக்கு வழங்கிய பெயர் அது. நாம் புனித வீரர் என்று வைத்துக்கொள்வோம். இவர் தொட்டால் காயம் ஆறும். நோய் இவரை அண்டாது. தீயவற்றை எதிர்க்கும்போது இவருடைய வாளுக்குத் தனி வலிமை வரும். இத்தனையும் ஒரு நிபந்தனையின் பேரில்தான்: அறம் தவறக் கூடாது. மற்ற பாத்திரங்கள் பொய் சொல்லலாம், திருடலாம். கள்வனுக்கு அதுதான் தொழிலே. இவருக்கு மட்டும் அது கிடையாது. மேசையில் ஐந்து பேர் இருந்தால் ஒருவருக்கு மட்டும் வேறு சட்டம். நம் வகுப்பறைகளிலும் இப்படி ஒரு பிள்ளை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கோடை விடுமுறையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் பத்தாம் வகுப்பு. அவனும் நண்பர்களும் சேர்ந்து இந்த ஆட்டத்தை ஆடுவார்கள். நடத்துகிற பையன் ஊருக்குப் போய்விட்டதால், "பெரியம்மா, நீங்க நடத்துங்க, நீங்கதான் வரலாறு டீச்சராச்சே" என்று என்னை உட்காரவைத்தான். வரலாறு ஆசிரியருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அவனிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் எனக்குப் பிடித்துப்போனது. மூன்றாவது நாளுக்குள் விதிநூலை மடியில் வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிவரை படிக்கத் தொடங்கிவிட்டேன்.

தங்கை மகன் எடுத்த பாத்திரம் கள்வன். புனித வீரரை எடுத்தது அடுத்த தெருப் பெண். அவளும் பத்தாம் வகுப்பு. அதிகம் பேசமாட்டாள். ஆனால் சபதம் எடுக்கும் காட்சியில் எழுந்து நின்று, தானே யோசித்த வாக்கியங்களைச் சொன்னாள். கூடத்தில் இருந்த மற்ற பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கதை இது. ஒரு சிற்றூரிலிருந்து ஐந்து குழந்தைகளைக் கோப்ளின்கள் கடத்திப் போய்விட்டார்கள். கோப்ளின் என்பது அந்தக் கதையுலகில் குள்ளமான, தந்திரமான ஒரு இனம். நம் பிள்ளைகள் தேடிப் போகிறார்கள். வழியில் ஒரு கோப்ளின் ஒற்றன் பிடிபடுகிறான். புனித வீரர் அவனிடம், "குழந்தைகள் இருக்கும் இடத்தைச் சொல். என் தெய்வத்தின் பெயரால் சொல்கிறேன், உன்னை உயிரோடு விடுகிறேன்" என்கிறார். அவன் சொல்லிவிடுகிறான்.

இப்போது சிக்கல். அவனை விட்டால் ஓடிப்போய் முகாமுக்குச் செய்தி சொல்வான். குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து. கட்டிப் போட்டுவிட்டுப் போகலாமா என்று ஒருவன் கேட்டான். "கயிறு இல்லை" என்று சொன்னேன். கூட இழுத்துக்கொண்டு போகலாமா? "கத்துவான்" என்றேன். கால் மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "நான் கொஞ்ச நேரம் குகைக்கு வெளியே போய் நிக்கிறேன்."

அவள் வெளியே போனாள். கள்வன் கத்தியை எடுத்தான். கோப்ளினிடமிருந்த பணப்பையையும் எடுத்துக்கொண்டான்.

நான் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. "வெளியே நிற்கும் உன் கையில் வாளின் ஒளி அணைகிறது. உன் ஆற்றல் அத்தனையும் போய்விட்டது. இனி நீ சாதாரண வீரர்" என்று அறிவித்தேன். நாடகத்தனமாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னது நினைவிருக்கிறது. எனக்கு அது நல்ல காட்சியாகப் பட்டது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மீதி நேரம் அவள் முறை வந்தபோது பகடையை உருட்டிவிட்டு எண்ணை மட்டும் சொன்னாள். மறுநாள் வரவில்லை. தங்கை மகன் என்னிடம் வந்து நின்றான். "பெரியம்மா, கொன்னது நான். பையை எடுத்ததும் நான். எனக்கு ஒண்ணும் ஆகலை. அவளுக்கு மட்டும் எதுக்கு தண்டனை?"

என்னிடம் பதில் இல்லை. "அவ பாத்திரம் அப்படி" என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று இரவு பழைய பதிப்புகளின் விதிகளையும் தேடி எடுத்துப் படித்தேன். நாற்பது ஆண்டுகளாக அந்த ஆட்டத்தை எழுதியவர்களும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

1975-இன் விதி மிகச் சுருக்கமானது. ஒழுங்கு மீறிய செயல் ஒன்று போதும், புனித வீரர் என்ற நிலை உடனே போய்விடும், திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. நான் செய்தது ஏறக்குறைய அதுதான். மூன்றே ஆண்டுகளில், 1978-இல், கைகாக்ஸ் அதைத் திருத்தினார். தெரிந்தே ஒழுங்கை மீறினால், உயர்நிலை மதகுரு ஒருவரைத் தேடிப்போய்த் தவற்றை ஒப்புக்கொண்டு, அவர் சொல்லும் பிராயச்சித்தத்தைச் செய்ய வேண்டும். தெரிந்தே, விரும்பியே தீமை செய்தால் மட்டும்தான் நிரந்தர இழப்பு. 1989-இல் இன்னொரு நிலையும் சேர்ந்தது. மந்திரத்தால் ஆட்டுவிக்கப்பட்டுத் தீமை செய்தவருக்கு, கடினமான பணி ஒன்றை முடித்து மீண்டு வர வழி உண்டு. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பாவம் நீக்கும் மந்திரமே உண்டு. அதிலும் ஒரு நிபந்தனை: உள்ளபடியே வருந்தாதவரிடம் அது பலிக்காது.

2008-இல் எதிர்த்திசையில் போனார்கள். ஒருமுறை புனித வீரர் ஆனால் ஆனதுதான், ஆற்றலை யாரும் பறிக்க முடியாது. தவறினால் அவருடைய சமயத்தாரே அவரைக் கவனித்துக்கொள்வார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. மீறினால் எதுவும் ஆகாது என்றால் அந்தப் பெண் எழுந்து நின்று சொன்ன சபதத்துக்கு என்ன மதிப்பு? பிள்ளைகளுக்கும் இது பிடிக்காது. விலையில்லாத விதியை அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

2014-இன் ஐந்தாம் பதிப்பு, நாங்கள் ஆடியது அதுதான், சபதங்களைப் பல வகையாகப் பிரித்தது. அவள் எடுத்த சபதத்தில் வாய்மை, துணிவு, இரக்கம், மானம், கடமை என்று ஐந்து கூறுகள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஒன்றில் வருகிறது. எதிரிக்கும் இரக்கம் காட்டு, ஆனால் அறிவோடு காட்டு என்ற கருத்து இன்னொன்றில் வருகிறது. குகையில் அவளுக்கு வந்த சிக்கல் அந்தச் சபதத்துக்குள்ளேயே இருக்கிறது. மீறியவர் அதே சமயத்தைச் சேர்ந்த குருவையோ இன்னொரு புனித வீரரையோ தேடிப்போய், இரவு முழுவதும் விழித்திருந்தோ நோன்பிருந்தோ மீளலாம் என்றும் அதில் இருக்கிறது. வருத்தமே இல்லாமல் வேண்டுமென்றே மீறுகிறவருக்குத்தான் வேறு பாதை. மடியில் வைத்துக்கொண்டு படித்த நூலில் இந்தப் பக்கத்தை மட்டும் நான் தாண்டிப் போயிருக்கிறேன்.

மறுநாள் மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மோர் கொடுத்தார். ஒரு விளையாட்டுக்காக டீச்சர் வீடு தேடி வந்திருக்கிறாரே என்று அவருக்கு வியப்பு.

"உன்கிட்ட முன்னாடியே ஒண்ணு சொல்லியிருக்கணும், சொல்லலை" என்று தொடங்கினேன். அவளுடைய வீரர் சபதத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர். வெளியே போய் நிற்பதும் சொல் தவறுவதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பெண் அந்தப் பாத்திரத்தை எடுத்து நான்கு நாள்தான் ஆகிறது. "உன் வீரருக்கு இது வாக்கு மீறுவதாகத் தோன்றும். தெரிந்தும் வெளியே போகிறாயா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு வரிக் கேள்வி. கேட்டிருந்தால் ஆட்டம் கெட்டிருக்காது. போகிறேன் என்று அவள் சொல்லியிருந்தால் அது அவளுடைய முடிவாக இருந்திருக்கும். கேட்காததால் அது நான் வைத்த பொறியாகிவிட்டது. கயிறு இல்லை, கத்துவான் என்று மற்ற வழிகளை அடைத்ததும் நான்தானே! உண்மையைச் சொன்னால், அந்த வீரர் விழும் காட்சிக்காக நான் உள்ளூரக் காத்திருந்தேன். இந்த ஆட்டத்தை நடத்துகிற பலருக்கும் இந்த ஆசை உண்டு.

"மிஸ், நான் பாக்கலை. பாக்கலைன்னா எனக்குப் பாவம் வராதுன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

இந்த வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு தவறு செய்தால் எல்லாம் போச்சு என்ற சட்டம் பிள்ளைக்கு எதைக் கற்றுத்தருகிறது? தவறைத் தவிர்க்கவா? முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கற்றுத்தருகிறது. வேலையை இன்னொருவன் செய்வான், என் கை சுத்தமாக இருக்கும்.

முன்பு வகுப்புத் தலைவன் ஒருவன் இருந்தான். பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொன்னால் நேர்மையாக எழுதுவான். ஒருநாள் நெருங்கிய நண்பன் பெயரை மட்டும் விட்டுவிட்டான். காலை வணக்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவன் சட்டையிலிருந்து பட்டையைக் கழற்றினேன். அந்த ஆண்டு முழுவதும் எதற்கும் அவன் கை தூக்கவில்லை. அடுத்து தலைவனானவன் கெட்டிக்காரன். நான் அறையைவிட்டு வெளியே போகும்போது அவனும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். கரும்பலகை எப்போதும் காலியாக இருக்கும். வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். 1975-இன் விதியைத்தான் அன்றைக்கு நான் நடைமுறைப்படுத்தியிருக்கிறேன்.

மோரைக் குடித்துவிட்டு, "இப்ப என்ன செய்யலாம்னு நீ நினைக்கிற?" என்று அவளிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"மிஸ், அசுவத்தாமா செத்துட்டான்னு தருமர் சொன்னாருல்ல, அப்போ அவர் தேர் தரையிலதானே இறங்குச்சு? உடைஞ்சு போகலையே?"

பாரதக் கதையைப் பல முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எனக்கு இப்படித் தோன்றியதே இல்லை. வாய்மையாளர் என்பதால் தருமரின் தேர் நான்கு விரற்கடை உயரத்தில் தரையைத் தொடாமலே ஓடியது. துரோணரை வீழ்த்துவதற்காக, இறந்தது யானை என்பதை வாய்க்குள் முணுமுணுத்து அவர் பாதி உண்மை சொன்னதும் தேர் மண்ணைத் தொட்டது. விலை உடனே வந்தது, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் சக்கரம் உருண்டுகொண்டுதான் இருந்தது. அவர் தொடர்ந்து போரிட்டார், பின்னால் ஆட்சியும் செய்தார். மற்றவர்களைப் போல அவரும் மண்ணில் ஓட்ட வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

அவளும் நானும் உட்கார்ந்து அந்த நான்கு விரற்கடையைக் கணக்கிட்டோம். வாளின் ஒளி திரும்பாது. தொட்டுக் குணமாக்கும் ஆற்றல் மற்றவர்களிடம் பலிக்கும், அவளுடைய வீரருக்கே காயம் பட்டால் பலிக்காது. இது விதிநூலில் இல்லை, அவள் சொன்னது. கொடுத்த வாக்கு பொய்த்த செய்தி கோப்ளின்களிடையே பரவியிருக்கும், இனி அவர்கள் யாரும் அவர் சொல்லை நம்பமாட்டார்கள் என்று நான் ஒன்றைச் சேர்த்தேன். இது தண்டனையாக மேலிருந்து வந்ததல்ல. வாக்கு தவறினால் ஊரில் நடப்பதுதான்.

"மீள்வதற்கு இரவு முழுக்க விழித்திருந்து வேண்டிக்கொள்ளலாம்னு நூலில் இருக்கு" என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "அது ஈஸி மிஸ்."

மறுநாள் வந்தாள். கதை தொடங்கியதும் அவளுடைய வீரர் குகைக்குத் திரும்பிப் போய், அந்த ஒற்றனைப் புதைத்தார். பிறகு, "இவன் எந்த முகாமோ அங்கே போய், நடந்ததை நானே சொல்லப் போறேன்" என்றாள். மற்றவர்கள் அலறினார்கள். குழந்தைகளை ரகசியமாக மீட்கும் திட்டமே பாழாகிவிடும். கால் மணி நேரம் மறுபடியும் வாதம். இந்த முறை நான் எந்த வழியையும் அடைக்கவில்லை. தங்கை மகன் பணப்பையை எடுத்து மேசையின் நடுவில் வைத்தான். மேசையில் உண்மையில் இருந்தது அவன் பென்சில் பெட்டிதான். "இதையும் கொண்டு போ" என்றான். நான் கேட்கவில்லை, விதியிலும் இல்லை.

முகாம் வாயிலில் வாளைக் கீழே வைத்துவிட்டு அவள் பேசினாள். காவலன் நம்புகிறானா என்று பார்க்கப் பகடையை உருட்டச் சொன்னேன். நான்கு விழுந்தது. கதவைச் சாத்திவிட்டான். வேறு நாளாக இருந்தால் அடுத்த திட்டத்துக்குப் போயிருப்பார்கள். "நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்றாள். கள்வனும் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்படியும் இப்படியும் அந்த இரவு முழுக்க விழித்திருக்கும் காட்சி வந்துவிட்டது, ஆனால் கோயிலில் அல்ல.

விடியற்காலையில் ஒரு கிழக் கோப்ளினைத் தண்ணீரோடு வெளியே வரவைத்தேன். "என் மகனை எங்கே புதைத்தாய்?" என்று அவள் கேட்டாள். அந்தப் பெண் இடத்தைச் சொன்னாள். பிறகு, "குத்தினது இவன். ஆனா வாக்கு கொடுத்தது நான். நடக்கப்போறது தெரிஞ்சுதான் வெளியே போனேன்" என்றாள். அதற்குப் பகடை உருட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிழவி ஐந்து குழந்தைகளில் இரண்டு பேரை வெளியே அனுப்பினாள். மற்ற மூவரைப் பற்றி முகாமின் தலைவன்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாள். அதோடு அன்றைய ஆட்டத்தை நிறுத்தினேன். எல்லோரும் எழுந்துகொண்டிருந்தபோது, "உன் வாளை எடுத்துப் பார், லேசாக வெளிச்சம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று அவளிடம் கேட்டேன்.

பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இப்ப வேண்டாம் மிஸ். மிச்சம் மூணு பேரும் வரட்டும்."